சின்ன ஸ்பீக்கர், குறைந்த சத்தம், நிறைவான பேஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேசை மேல் வைக்கும் 3 முதல் 5 அங்குல ஊஃபர் (தாழ்ந்த ஒலிகளைத் தரும் பகுதி) ஸ்பீக்கர்கள், ப்ளூடூத் ஸ்பீக்கர்கள், சின்ன ஆம்ப்ளிஃபயரோடு இணைத்த பெட்டி ஸ்பீக்கர்கள் ஆகியவற்றுக்கானது இந்தப் பக்கம். வீட்டில் மற்றவர்கள் தூங்கும் நேரத்தில், பேச்சுக்குரல் அளவிலோ அதற்கும் கீழேயோ பாட்டுக் கேட்பவர்களை மனத்தில் வைத்து எழுதியது.

சத்தமாக வைத்தால் பேஸ் நன்றாக இருக்கிறது. குறைத்தால் பேஸ் மட்டும் காணாமல் போகிறது. ஸ்பீக்கர் பழுதா?

பழுதில்லை. நம் காது அப்படி. பேஸ் எனப்படும் தாழ்ந்த ஒலிகளை உணரும் திறன் காதுக்கு இயல்பிலேயே குறைவு. சத்தம் குறையக் குறைய அந்தக் குறை இன்னும் பெரிதாகிறது. பெல் ஆய்வகத்தில் ஃப்ளெட்சரும் மன்சனும் இதை அளந்து 1933இல் வெளியிட்டார்கள். அதன் திருத்திய வடிவம் இன்று ஐஎஸ்ஓ 226 என்ற தரநிலையாக இருக்கிறது.

எண்களில் பார்த்தால் விஷயம் தெளிவாகும். ஹெர்ட்ஸ் ஒலியின் அதிர்வெண்ணையும் டெசிபல் அதன் சத்தத்தையும் அளக்கும் அலகு. 1000 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்று 80 டெசிபலில் ஒலிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 100 ஹெர்ட்ஸ் ஒலி அதே அளவு சத்தமாகத் தோன்ற ஏறக்குறைய 92 டெசிபல் வேண்டும். இப்போது 1000 ஹெர்ட்ஸை 40 டெசிபலுக்கு இறக்குங்கள். அதற்கு ஈடாக 100 ஹெர்ட்ஸ் 64 டெசிபலில் இருக்க வேண்டும். ஆனால் வால்யூம் குமிழ் எல்லாவற்றையும் ஒரே அளவாக, 40 டெசிபல் இறக்குகிறது. 92 டெசிபலில் இருந்தது 52க்கு வந்து நிற்கிறது. 12 டெசிபல் பற்றாக்குறை. 50 ஹெர்ட்ஸில் இதே கணக்கு 16 டெசிபல் அளவுக்குப் போகிறது.

பாடல்களை ஒலிக்கலவை செய்பவர்கள் பெரும்பாலும் 80 டெசிபலை ஒட்டிய சத்தத்தில் கேட்டுத்தான் பேஸ் அளவை முடிவு செய்கிறார்கள். நாம் அதைவிடக் குறைத்துக் கேட்கும்போது அவர்கள் வைத்த சமநிலை கலைகிறது. அதைத் திரும்பக் கொண்டுவருவதுதான் வேலை. இல்லாத பேஸை உண்டாக்குவது அல்ல.

அப்படியானால் எவ்வளவு கூட்ட வேண்டும்?

80 டெசிபலிலிருந்து எவ்வளவு இறங்கியிருக்கிறீர்களோ, அதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகப் பேஸில் திருப்பிக் கொடுங்கள். 20 டெசிபல் இறங்கினால் 6. 30 இறங்கினால் 9. 40 இறங்கினால் 12. இது 100 ஹெர்ட்ஸை ஒட்டிய கணக்கு. சின்ன ஸ்பீக்கருக்கு இதுவே போதும்.

மீட்டர் இல்லாமலும் கணிக்கலாம். ஒரு மீட்டர் தூரத்தில் சாதாரணப் பேச்சு ஏறக்குறைய 60 டெசிபல். பாட்டும் பேச்சும் ஒரே அளவில் இருந்தால் 6 டெசிபலில் தொடங்குங்கள். குரலைத் தாழ்த்திப் பேசினாலே பாட்டை மீறிக் கேட்கிறது என்றால் 9. அதற்கு மேல் போகுமுன் இரண்டு மூன்று பாடல்களைக் கேட்டுப் பாருங்கள். ஆண் குரல் மார்பிலிருந்து கனத்து வருவதுபோல் இருந்தால் அளவு மீறிவிட்டது.

போனில் ஒலி அளவிடும் செயலி வைத்துப் பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பல செயலிகள் ‘ஏ’ எடை முறையில் காட்டும். அந்த முறை 100 ஹெர்ட்ஸில் 19 டெசிபலையும் 63 ஹெர்ட்ஸில் 26 டெசிபலையும் கழித்துவிடும். பேஸை ஏற்றினாலும் முள் நகரவே நகராது. பேஸை அவ்வளவாகக் கழிக்காத ‘சி’ எடை இருந்தால் அதற்கு மாற்றுங்கள்.

9 டெசிபல் கூட்டினால் ஸ்பீக்கர் கிழிந்துவிடாதா?

அதிக சத்தத்தில் கிழியலாம். குறைந்த சத்தத்தில் பயமில்லை. ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டரில் 85 டெசிபல் தரும் ஸ்பீக்கரை எடுத்துக்கொள்ளுங்கள். அது 60 டெசிபலில் பாட, வாட்டில் முந்நூற்றில் ஒரு பங்கு, அதாவது 3 மில்லிவாட் போதும். பேஸை 12 டெசிபல் ஏற்றினால் அந்தப் பகுதிக்கு 16 மடங்கு, 50 மில்லிவாட். உச்சங்களுக்கு இன்னும் பல மடங்கு சேர்த்தாலும் சின்ன ஆம்ப்புக்கு இது ஒரு பொருட்டே இல்லை.

உண்மையான எல்லை வாட்டில் இல்லை, கூம்பு (ஊஃபரில் முன்னும் பின்னும் அசையும் பகுதி) எவ்வளவு தூரம் அசைய முடியும் என்பதில் இருக்கிறது. மூடிய பெட்டியில் உள்ள 3 அங்குல ஊஃபர் 80 ஹெர்ட்ஸை ஒரு மீட்டரில் 75 டெசிபலுக்குத் தர, கூம்பு இரு பக்கமும் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் அசைய வேண்டும். அது முடியும். அதே சத்தத்தில் 40 ஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் நான்கு மடங்கு, 4 மில்லிமீட்டருக்கு மேல். பெரும்பாலான 3 அங்குல ஊஃபர்களால் அது ஆகாது. அதிர்வெண் பாதியானால் அசைவு நான்கு மடங்கு என்ற இந்த ஒரு விதியை நினைவில் வைத்தால், எங்கே ஏற்றலாம், எங்கே கை வைக்கக்கூடாது என்பது தானாகத் தெரியும்.

என் ஸ்பீக்கரின் கீழ் எல்லை எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அட்டைப் பெட்டியில் அச்சிட்ட எண்ணை நம்ப வேண்டாம். போனில் ‘டோன் ஜெனரேட்டர்’ செயலி ஒன்றைப் போட்டு, சைன் அலையைத் தேர்ந்தெடுங்கள். வழக்கமாகப் பாட்டுக் கேட்கும் வால்யூமில் 200 ஹெர்ட்ஸில் தொடங்கி, பத்துப் பத்தாக இறக்குங்கள். இரண்டு இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒலி சட்டென்று மெலிவது ஒரு இடம். தாழ்ந்த ஒலி மறைந்து, அதைவிட ஒரு ஸ்தாயி உயர்ந்த ஒலியோ கரகரப்போ காற்றுச் சீறலோ மட்டும் கேட்பது இன்னொரு இடம். இரண்டாவதுதான் உங்கள் எல்லை. பெரும்பாலான சின்ன ஸ்பீக்கர்களுக்கு அது 60க்கும் 100க்கும் இடையில் எங்காவது இருக்கும்.

துளை உள்ள பெட்டிகளிலும், காற்றழுத்தத்தில் அசையும் ‘பாசிவ் ரேடியேட்டர்’ உள்ளவற்றிலும் இந்த எல்லை செங்குத்தானது. அந்தப் பெட்டி எந்த அதிர்வெண்ணுக்கு அமைக்கப்பட்டதோ அதற்குக் கீழே ஒவ்வொரு ஸ்தாயிக்கும் 24 டெசிபல் வீதம் ஒலி விழும். கூம்பைத் தாங்கிப் பிடிக்கப் பெட்டிக்குள் காற்றழுத்தமும் இருக்காது. அங்கே எவ்வளவு ஏற்றினாலும் கூம்பு வீணாக ஆடுமே தவிர ஒலி வராது. மூடிய பெட்டியில் 12 டெசிபல் வீதம்தான் விழும். ஆகவே எல்லைக்குக் கொஞ்சம் கீழேயும் ஏற்றிப் பார்க்க இடம் உண்டு.

முதலில் ஈக்வலைசரா (ஒவ்வொரு அதிர்வெண் பகுதியையும் தனியாக ஏற்றி இறக்கும் வசதி), ஸ்பீக்கர் வைக்கும் இடமா?

இடம். காசும் இல்லை, கூம்புக்கு உழைப்பும் இல்லை, கிடைப்பது பெரிது.

அறையின் நடுவே நிற்கும் ஸ்பீக்கரைச் சுவரை ஒட்டித் தள்ளினால் தாழ்ந்த ஒலிகள் கணக்குப்படி 6 டெசிபல் வரை கூடும். மூலையில் வைத்தால் இன்னும் கூடும். நம் வீடுகளின் செங்கல், கான்கிரீட் சுவர்கள் பேஸை உறிஞ்சாமல் திருப்பி அனுப்புவதால் இந்தப் பலன் ஏறக்குறைய முழுதாகவே கிடைக்கும்.

அரைகுறையாகத் தள்ளுவதுதான் பலர் செய்யும் தவறு. சுவரில் பட்டுத் திரும்பும் அலை, ஸ்பீக்கரிலிருந்து நேரே வரும் அலையோடு ஓர் அதிர்வெண்ணில் மோதி அதை அழிக்கும். 86ஐ மீட்டர் கணக்கிலான தூரத்தால் வகுத்தால் அந்த அதிர்வெண் கிடைக்கும். ஊஃபர் முகப்பு சுவரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி இருந்தால் 86 ஹெர்ட்ஸ், 60 சென்டிமீட்டர் என்றால் 143 ஹெர்ட்ஸ். மிருதங்கத்தின் தொப்பியும் பேஸ் கிட்டாரும் உயிரோடு இருக்கும் இடம் அதுதான். அந்தப் பள்ளத்தை ஈக்வலைசரால் நிரப்ப முடியாது. நேர் அலையை ஏற்றினால் எதிர் அலையும் சேர்ந்து ஏறும். 25 சென்டிமீட்டருக்குள் கொண்டுவந்துவிட்டால் பள்ளம் 340 ஹெர்ட்ஸுக்கு மேலே போய்விடும், அங்கே அது அவ்வளவாக உறுத்தாது. துளை பின்பக்கம் இருந்தால், அந்தத் துளையின் விட்டத்துக்குக் குறையாத இடைவெளி, பொதுவாக 5 முதல் 8 சென்டிமீட்டர், சுவருக்கும் பெட்டிக்கும் நடுவே விடுங்கள்.

அடுத்தது, நீங்கள் உட்காரும் இடம். மூன்று மீட்டரிலிருந்து ஒன்றரை மீட்டருக்கு நெருங்கினால் ஸ்பீக்கரிலிருந்து நேரே வரும் ஒலி 6 டெசிபல் வரை கூடும். பக்கத்து அறைக்குப் போகும் சத்தம் ஏறாமல் உங்களுக்கு மட்டும் ஏறும். ராத்திரி கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. கூடவே, தலையை அறையின் நட்டநடுவில் வைக்காதீர்கள். பத்தடி நீள அறையில் 56 ஹெர்ட்ஸ் அலைக்கு நடுவில் பள்ளமும் சுவரோரம் மேடும் இருக்கும். கட்டிலையோ நாற்காலியையோ பின்சுவருக்கு அருகே நகர்த்தினாலே பேஸ் எழுந்து வருவது தெரியும்.

ஈக்வலைசரில் சரியாக எதை நகர்த்துவது?

அதிர்வெண்ணை நாமே தேர்ந்தெடுக்கக்கூடிய ‘பாராமெட்ரிக்’ வகை கிடைத்தால் மூன்று அமைப்புகள் போதும். எல்லை 70 ஹெர்ட்ஸ் என்று கண்டுபிடித்த ஸ்பீக்கருக்கு:

1. ‘லோ ஷெல்ஃப்’ (குறித்த அதிர்வெண்ணுக்குக் கீழே உள்ளதை மொத்தமாக ஏற்றுவது) ஒன்று, 150 ஹெர்ட்ஸில், கூட்டல் 7 டெசிபல்.
2. ‘ஹை பாஸ்’ ஒன்று, 60 ஹெர்ட்ஸில். அதற்குக் கீழே உள்ளதை வெட்டுவதால் கூம்பின் அசைவு மிச்சமாகி, மேலே உள்ள பேஸுக்குப் பயன்படும்.
3. ‘ப்ரீஆம்ப்’ (ஈக்வலைசரில் மொத்தச் சத்தத்தையும் ஏற்றி இறக்கும் அமைப்பு) கழித்தல் 8 டெசிபல்.

மூன்றாவதை விட்டுவிடுவதால்தான் “பேஸை ஏற்றினால் கரகரக்கிறது” என்ற புகார் வருகிறது. இன்றைய பாடல்கள் டிஜிட்டல் உச்சவரம்பைத் தொட்டபடியே வெளியாகின்றன. அதன்மேல் 7 டெசிபல் சேர்த்தால் அலையின் தலை வெட்டுப்படும். ஸ்பீக்கர் எவ்வளவு மெதுவாகப் பாடினாலும் அந்தக் கரகரப்பு கேட்கும். ஏனென்றால் அது ஸ்பீக்கரில் அல்ல, கோப்பு ஒலியாக மாறும் முன்பே நடந்துவிடுகிறது. ஏற்றியதைவிட ஒரு டெசிபல் அதிகமாக ப்ரீஆம்ப்பில் இறக்கி, இழந்த சத்தத்தை ஸ்பீக்கரின் வால்யூமில் மீட்டுக்கொள்ளுங்கள்.

விண்டோஸில் ‘ஈக்வலைசர் ஏபிஓ’ இலவசம். ‘பீஸ்’ என்ற முகப்பைச் சேர்த்துக்கொண்டால் கையாள எளிது. ஆண்ட்ராய்டில் ‘வேவ்லெட்’ பெரும்பாலான பாட்டுச் செயலிகளோடு வேலை செய்யும். ஐபோனின் மியூசிக் அமைப்புகளில் உள்ள ஈக்வலைசர் ஆப்பிளின் மியூசிக் செயலிக்கு மட்டுமே பொருந்தும், யூடியூப்புக்குப் பொருந்தாது.

ஐந்து பட்டி மட்டும் உள்ள பழைய ஆண்ட்ராய்டு ஈக்வலைசரில் முதல் பட்டி 60, இரண்டாவது 230 ஹெர்ட்ஸ். முதலாவதை 6 வரை ஏற்றுங்கள். இரண்டாவதைத் தொடாதீர்கள்; வேண்டுமானால் ஒன்று குறையுங்கள். 200 முதல் 300 ஹெர்ட்ஸ் வரை ஏற்றினால் முதல் நிமிடம் கனமாகத் தோன்றும், பிறகு குரல் எல்லாம் பானைக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடும். ‘பேஸ் பூஸ்ட்’ என்ற ஒற்றைப் பொத்தான்கள் பல இந்தத் தவறைத்தான் செய்கின்றன.

ஆம்ப்பில் ‘லவுட்னெஸ்’ பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் போதாதா?

மேலே சொன்ன காதுக் குறையைச் சரிசெய்யவே அது உருவானது, அதனால் தாராளமாகப் பயன்படுத்துங்கள். பழைய வகையில் வால்யூம் குமிழ் எந்த இடத்தில் நிற்கிறது என்பதை வைத்தே பேஸ் ஏறும். குமிழ் ஒன்பது மணி நிலையில் இருந்தால் சத்தம் குறைவு என்று ஆம்ப்பின் மின்சுற்று கருதிக்கொள்ளும். உள்ளே வரும் சிக்னல் பலமாக இருந்தால் அந்தக் கணிப்பு தப்பி, பேஸ் மிதமிஞ்சிவிடும். போன் வால்யூமை முழுதாக வைத்துப் பாருங்கள். பேஸ் அதிகமென்றால் போனில் குறைத்து ஆம்ப்பில் ஏற்றுங்கள், குறைவென்றால் நேர்மாறாக. இந்த விகிதத்தை ஒருமுறை சரிசெய்துவிட்டால் பிறகு தொட வேண்டியதில்லை.

யமஹா ஆம்ப்கள் சிலவற்றில் லவுட்னெஸ் தனிக் குமிழாகவே இருக்கும். அதை ‘ஃப்ளாட்’ நிலையில் வைத்து, நீங்கள் கேட்கும் அதிகபட்ச சத்தத்துக்கு வால்யூமை அமையுங்கள். அதன்பின் சத்தத்தைக் குறைக்க வால்யூமைத் தொடாமல் லவுட்னெஸ் குமிழையே திருப்புங்கள். பேஸைத் தக்கவைத்து மற்றதைக் குறைக்கும்படி அமைந்தது அது. சோனோஸ் ஸ்பீக்கர்களின் செயலியிலும் லவுட்னெஸ் உண்டு. அணைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

ப்ளூடூத் ஸ்பீக்கர் தானாகவே பேஸை ஏற்றும் என்கிறார்களே?

பல மாடல்கள் ஏற்றும். குறைந்த வால்யூமில் நிறைய ஏற்றி, வால்யூம் கூடக்கூடக் கூம்பைக் காப்பாற்றப் பேஸைக் குறைத்துக்கொண்டே போகும். இந்தக் கணக்கு ஸ்பீக்கரின் சொந்த வால்யூமை வைத்து நடப்பது. போனும் ஸ்பீக்கரும் தனித்தனி வால்யூம் வைத்திருந்தால், போனை 90 சதவீதத்துக்கு ஏற்றி, ஸ்பீக்கரைக் குறையுங்கள். தலைகீழாக வைத்தால் ஸ்பீக்கர் தான் சத்தமாகப் பாடுவதாக நினைத்துப் பேஸைக் கட்டுப்படுத்தும். இப்படித் தானே ஏற்றும் ஸ்பீக்கருக்கு ஈக்வலைசரில் 3 டெசிபலுக்கு மேல் சேர்க்க வேண்டாம்.

இரண்டு ஸ்பீக்கர் வைத்திருக்கிறேன். ஒன்றைவிட இரண்டில் பேஸ் குறைவாக இருக்கிறது. எப்படி?

ஒயர் மாறியிருக்கிறது. ஒரு ஸ்பீக்கரில் சிவப்பும் கறுப்பும் இடம் மாறினால், ஒரு கூம்பு முன்னே வரும்போது மற்றது பின்னே போகும். பேஸ் ஒன்றையொன்று அழித்துவிடும். சோதிக்க, இரண்டையும் ஒரு சாண் இடைவெளியில் நேருக்கு நேர் வைத்து, போனின் அணுகல்தன்மை அமைப்புகளில் ‘மோனோ’வை இயக்கி, பேஸ் உள்ள பாட்டு ஒன்றைப் போடுங்கள். ஆம்ப்பை அணைத்து, ஒரு ஸ்பீக்கரின் ஒயரை மட்டும் மாற்றிப் பூட்டி மறுபடி கேளுங்கள். எந்த இணைப்பில் பேஸ் திரள்கிறதோ அதுவே சரி. வித்தியாசம் சந்தேகத்துக்கு இடமில்லாமல் கேட்கும். ஈக்வலைசரோடு மல்லுக்கட்டும் முன் இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள்.

மின்விசிறி ஓடும்போது பேஸ் இன்னும் மங்குகிறது. கற்பனையா?

கற்பனையில்லை. விசிறியின் காற்றொலியும் மோட்டார் ரீங்காரமும் தாழ்ந்த ஒலிகளில்தான் அதிகம். அவை பாட்டின் பேஸை மூடிவிடும். வேகத்தை ஒரு படி குறையுங்கள். முடியாவிட்டால் மேலே சொன்ன அளவோடு 2 டெசிபல் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இல்லாத பேஸைக் கேட்க வைக்கும் மென்பொருள் வேலை செய்யுமா?

செய்யும், ஓர் அளவு வரை. 100, 150, 200 ஹெர்ட்ஸ் ஒலிகள் சேர்ந்து வந்தால், 50 ஹெர்ட்ஸ் இல்லாவிட்டாலும் அந்தச் சுருதியை மூளை உணரும். வேவ்ஸ் நிறுவனத்தின் ‘மேக்ஸ்பேஸ்’ போன்றவை இந்த இயல்பைப் பயன்படுத்தி, தாழ்ந்த ஒலிக்குப் பதிலாக அதன் மேல் மடங்குகளை உண்டாக்குகின்றன. ஒரு கட்டைச் சுருதியில் பாடும் ஆண் பாடகரின் தம்புராவில் மந்தர ஷட்ஜம் 65 ஹெர்ட்ஸ். 3 அங்குல ஸ்பீக்கரில் அந்த அடி ஒலி அனேகமாக வருவதே இல்லை. ஆனாலும் அதன் மேல் மடங்குகள் தம்புராவில் இயல்பாகவே நிறைந்திருப்பதால் சுருதி நமக்குத் தெளிவாகத் தெரிகிறது. ஆகவே கர்நாடக இசைக்கு இந்த மென்பொருள் தேவைப்படாது. மிருதங்கத் தொப்பியில் கையை அழுத்தி எழுப்பும் கும்கி ஒலியில் ஒரு செயற்கையான உறுமலைச் சேர்த்துக் கெடுக்கவும் செய்யும். லேப்டாப்பில் திரைப்பாடல் கேட்பவர்கள் குறைந்த அளவில் வைத்துக்கொள்ளலாம்.

சப்ஊஃபர் (பேஸை மட்டும் தரும் தனிப் பெட்டி) வாங்கிவிட்டால் எல்லாம் தீருமா?

இடமும் காசும் இருந்தால் நல்ல தீர்வுதான். 6.5 அல்லது 8 அங்குலம் போதும். குறைந்த சத்தத்துக்குப் பெரியது வேண்டாம். 5 அங்குல ஸ்பீக்கரோடு கிராஸ்ஓவரை (ஒலி ஸ்பீக்கருக்கும் சப்ஊஃபருக்கும் பிரியும் அதிர்வெண்) 80 முதல் 100 ஹெர்ட்ஸிலும், 3 அங்குலத்தோடு 120 முதல் 150இலும் வையுங்கள். 100ஐத் தாண்டினால் ஒலி எங்கிருந்து வருகிறது என்று காது கண்டுபிடித்துவிடும். அதனால் சப்ஊஃபரை ஸ்பீக்கர்களுக்கு நடுவிலேயே வைக்க வேண்டும். ‘ஃபேஸ்’ சுவிட்சை 0, 180 இரண்டிலும் வைத்து, பேஸ் எதில் நிறைவாக இருக்கிறதோ அதில் விடுங்கள்.

குறைந்த சத்தத்தில் வரும் தனித் தொல்லை ஒன்று உண்டு. சப்ஊஃபர் ‘ஆட்டோ’வில் இருந்தால், வரும் சிக்னல் மெலிதாக இருப்பதால் பாட்டு எதுவும் ஓடவில்லை என்று நினைத்து அணைந்துவிடும். பாட்டு நடுவே பேஸ் போய்ப் போய் வந்தால் காரணம் இதுதான். பின்பக்கச் சுவிட்சை ‘ஆன்’ நிலைக்கு மாற்றுங்கள். அப்படிச் சுவிட்ச் இல்லையென்றால் ஆம்ப்பில் சப்ஊஃபர் அளவை 6 டெசிபல் ஏற்றி, சப்ஊஃபரின் சொந்தக் குமிழில் அதே அளவு இறக்குங்கள். கேட்கும் சத்தம் மாறாது, உள்ளே போகும் சிக்னல் மட்டும் பலமாகும்.

பெட்டியைத் திறந்து ஏதாவது செய்யலாமா?

கசிவை அடைக்கலாம். மூடிய பெட்டியில் கூம்பின் இரு பக்கமும் விரல் வைத்து மெதுவாக உள்ளே அழுத்தி விடுங்கள். சட்டென்று திரும்பினால் காற்று எங்கோ போகிறது. ஊஃபர் விளிம்புக்கு அடியில் மெல்லிய ஃபோம் டேப்பும், ஒயர் நுழையும் இடத்தில் சிலிக்கோனும் வையுங்கள். தலையணைக்குள் வைக்கும் பாலியஸ்டர் பஞ்சைத் தளர்வாக நிரப்பினால் பெட்டி கொஞ்சம் பெரிதானதுபோல் நடந்துகொள்ளும். துளை உள்ள பெட்டியில் துளையின் வாயை அடைத்துவிடக்கூடாது. கூம்பைச் சுற்றியுள்ள ஃபோம் வளையம் பொடிந்திருந்தால் வேறு எதுவும் பலிக்காது. முதலில் அதை மாற்ற வேண்டும். உள்ள ஊஃபரை எடுத்துவிட்டு அதே அளவில் ‘பவர்’ அதிகமான வேறொன்றைப் பூட்டுவது பெரும்பாலும் பேஸைக் குறைக்கும், ஏனென்றால் பெட்டியின் கொள்ளளவும் துளையும் பழைய ஊஃபருக்காகக் கணக்கிட்டவை.

பேஸை ஏற்றினால் பக்கத்து வீட்டுக்குக் கேட்காதா?

குரலைவிடப் பேஸ்தான் சுவரைத் தாண்டும், உண்மை. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இந்தியாவில் குடியிருப்புப் பகுதிக்கு இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல்தான் வரம்பு. அது ‘ஏ’ எடையில் அளப்பது. ஆகவே மீட்டரில் வரம்புக்குள் இருந்தாலும் பக்கத்து வீட்டுக்காரரின் தலையணையில் டும்டும் என்று கேட்கலாம். பொதுச் சுவரில் ஸ்பீக்கரைச் சாய்க்காதீர்கள். வெளிச்சுவர்ப் பக்கம் வையுங்கள். அடியில் கெட்டியான ரப்பர் பாதங்களோ ஃபோம் பட்டைகளோ வைத்தால் மேசை வழியாகப் போகும் அதிர்வு குறையும். ஹை பாஸை 60லிருந்து 70க்கு ஏற்றுங்கள். பிறகு கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்று நீங்களே கேட்டுப் பாருங்கள்.

ராத்திரி சரியாக இருக்கிறது. காலையில் சத்தமாக வைத்தால் கும்மென்று குமட்டுகிறது. ஏன்?

ராத்திரிக்காக ஏற்றிய 7 டெசிபல் காலையிலும் அப்படியே இருப்பதால். 80 டெசிபலில் காதுக்கு அது தேவையில்லை. கூம்புக்கும் ஆபத்து: மேலே சொன்ன ஒரு மில்லிமீட்டர் அசைவு, 12 டெசிபல் ஏறினால் நான்கு மடங்காகும். ஈக்வலைசரில் ‘இரவு’, ‘பகல்’ என்று இரண்டு அமைப்புகளைச் சேமித்து வையுங்கள். பகலில் லோ ஷெல்ஃப் பூஜ்யம் அல்லது 2, ஹை பாஸ் அப்படியே. ப்ரீஆம்ப்பை மட்டும் இரண்டிலும் கழித்தல் 8ஆகவே விடுங்கள். இல்லாவிட்டால் அமைப்பு மாறும் நொடியில் சத்தம் தூக்கிப்போடும்.